உங்களுக்குத் தெரியுமா? சுவா சூ காங் காற்பந்தும் தேக்கா திடலும்

சுவா சூ காங் என்றதும் சிலருக்குக் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வரும். சிலருக்குத் தொலைக்காட்சியில் மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு 1997 முதல் 2007 வரை சிரிக்க வைத்த கான்ட்ராக்டர் பூவா சூ காங் நினைவுக்கு வருவார். சிங்கப்பூர்க் காற்பந்து லீக்கில் எல்லோரையும் விட அதிக முறை பட்டம் வென்ற கழகம் அந்த வட்டாரத்தில்தான் ஆடியது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அங்கே தொடங்கித் தேக்கா வரை ஒரு சுற்று போய் வருவோம்.

ஒன்பது பட்டம்

அந்தக் கழகத்தின் பெயர் வாரியர்ஸ். அதற்கு முன் சிங்கப்பூர் ஆயுதப்படை காற்பந்துக் கழகம். சுவா சூ காங் விளையாட்டரங்கம் நீண்ட காலம் அதன் இல்லத் திடலாக இருந்தது. லீக் பட்டம் வென்ற ஆண்டுகளை விரல் விட்டு எண்ணலாம்: 1997, 1998, 2000, 2002, 2006, 2007, 2008, 2009, 2014. பத்து விரலில் ஒன்றுதான் மிச்சம். 2006இலிருந்து தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வேறு யார் கைக்கும் போகவில்லை.

ஊருக்குப் பெயர் தந்த வெற்றிலைச் சமாசாரம்

19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் காடழித்து மிளகும் காம்பீரும் பயிரிட்ட சீனக் குடியிருப்புகளுக்குத் தியோசூ மொழியில் ‘சூ காங்’ என்று பெயர். அந்தக் கரையை ஆண்ட தலைவர் ‘காங் சூ’. எந்தக் குலத்தாருடைய கரையோ அந்தக் குலப்பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளும். இங்கே ‘சுவா’ குலம். லிம் குலத்தார் இருந்த இடம் லிம் சூ காங். காம்பீர் என்றால் வேறொன்றுமில்லை, நம் பாட்டிமார் வெற்றிலையோடு மென்ற கத்தக்காம்பு. வெளிநாட்டுக்கு அது போனதோ தோல் பதனிட.

தமிழில் தகராறே இல்லை

ஆங்கிலத்தில் நகருக்கு ஒரு எழுத்துக்கூட்டு, நாடாளுமன்றத் தொகுதிக்கு இன்னொன்று. நகரின் பெயரில் ‘ஓ’ வரும் இடத்தில் தொகுதியின் பெயரில் ‘யு’ வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் எது சரி என்று தலையைச் சொறிவார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘சுவா சூ காங்’தான்.

பிணக்கில் பிறந்த லீக்

1994 டிசம்பரில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பாகாங்கை 4-0 என்று வென்றது. அப்பாஸ் சாட் மூன்று கோல் போட்டார். ஊரே கொண்டாடியது. அடுத்த சில மாதங்களுக்குள் நுழைவுச்சீட்டு வருமானப் பங்கு குறித்து மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு பிணக்கு ஏற்பட, சிங்கப்பூர் மலேசிய லீக்கை விட்டு வெளியேறியது. ஆடும் கால்களுக்கு ஆட ஓர் இடம் வேண்டுமே! 1996இல் எட்டுக் குழுக்களோடு எஸ் லீக் தொடங்கியது. ஆயுதப்படைக் கழகம் அந்த எட்டில் ஒன்று.

முதல் வருஷம் கைநழுவியது

முதல் பருவம் இரண்டு பகுதிகளாக நடந்தது. ஒரு பகுதியில் கேலாங் யுனைடெட் முதலிடம், மறுபகுதியில் ஆயுதப்படை. யார் சாம்பியன் என்று தீர்மானிக்க இருவரும் மோதினார்கள், கேலாங் வென்றது. தோற்றவர்கள் அடுத்த வருஷமே லீக், கிண்ணம் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

சீருடைக்காரர் மோதல்

சுவா சூ காங் பக்கம் ஒரு காலத்தில் தவறவிடக் கூடாத ஆட்டம், ஆயுதப்படைக்கும் ஹோம் யுனைடெட்டுக்கும் நடப்பது. ஹோம் யுனைடெட் போலிஸ் குழுவாகத் தொடங்கியது. ராணுவமும் போலிசும் பந்துக்காக முட்டிக்கொள்வதால் ‘சீருடை டார்பி’ என்று பெயர் வந்தது. அந்த ஹோம் யுனைடெட் 2020இல் லயன் சிட்டி சேலர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2025இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் 2 போட்டியின் இறுதியாட்டம் வரை போனது.

துடுப்பைக் கீழே வைத்துவிட்டுப் பந்தை உதைத்தவர்

அலெக்சாண்டர் டூரிச் பொஸ்னியாவின் டோபோய் நகரில் பிறந்தவர். நாடு போரில் எரிந்துகொண்டிருந்த 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பொஸ்னியாவுக்காகக் கலந்துகொண்டார். காற்பந்தில் இல்லை, கனூ படகுப் போட்டியில். பிறகு எங்கெங்கோ ஆடிச் சிங்கப்பூர் வந்து, 2005 முதல் 2009 வரை ஆயுதப்படைக் கழகத்துக்காக கோல்களைக் குவித்தார். 2007இல் சிங்கப்பூர்க் குடிமகனானார். அதே ஆண்டு நவம்பரில் தேசியக் குழுவுக்காக முதல் ஆட்டம்; எதிரணி தஜிகிஸ்தான். இரண்டு கோல், இரண்டும் அவருடையவை. அப்போது அவருக்கு வயது 37. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டும் வயது அது. டூரிச் 44 வயது வரை ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

வீடு சுவா சூ காங், விருந்து ஜாலான் புசார்

2009இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் பிரிவுச் சுற்றுக்குத் தகுதிபெற்ற முதல் சிங்கப்பூர்க் கழகம் இதுதான். ஜப்பானின் காஷிமா ஆண்ட்லர்ஸ், கொரியாவின் சுவோன், சீனாவின் ஷாங்காய் ஷென்ஹுவா என்று ஜாம்பவான்கள் வந்து இறங்கினார்கள். அந்த ஆட்டங்களைச் சுவா சூ காங்கில் வைக்கவில்லை, தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஜாலான் புசார் விளையாட்டரங்கில் வைத்தார்கள். காஷிமாவிடம் வாங்கிய அடி பலமானது. ஆனால் மறு ஆண்டு சீனாவின் ஹெனான் குழுவை 2-1 என்று வீழ்த்தி, இந்தப் போட்டியின் பிரிவுச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் சிங்கப்பூர்க் கழகம் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

1929 பாக்ஸிங் டே

அந்த ஜாலான் புசார் அரங்கம் திறக்கப்பட்டது 1929 டிசம்பர் 26. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் 1973இல் வரும்வரை சிங்கப்பூர்க் காற்பந்தின் தாய்வீடு இதுதான். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு 2003இல் புது அரங்கம் எழுந்தது, செயற்கைப் புல்லோடு. ஆட்டம் முடிந்து சிராங்கூன் சாலையில் பரோட்டாவும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ் பிடித்த அப்பாமார்களின் கதைகள் நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெயர் மாற்றியும் நிலைக்கவில்லை

ராணுவத்துக்கு வெளியே இருக்கும் ரசிகர்களையும் இழுக்க வேண்டும் என்று 2013இல் ‘வாரியர்ஸ்’ என்ற பெயரைச் சூடினார்கள். மறு ஆண்டே ஒன்பதாவது பட்டம் வந்தது, அதுவே கடைசி. எஸ் லீக் 2018இல் சிங்கப்பூர்ப் பிரிமியர் லீக் ஆனது. நிதி நெருக்கடியிலும் சட்டச் சிக்கலிலும் மாட்டிக்கொண்ட வாரியர்ஸ் 2020 பருவத்திலிருந்து ஒதுங்கியது. பட்டியலில் அதிகப் பட்டம் வென்ற கழகம் முதலிடத்தில் நிற்கிறது, லீக்கில் அதைக் காணோம்.

ஆறு சுற்று

மாலை ஆறரை மணிக்குச் சுவா சூ காங் அரங்கப் பக்கம் போய்ப் பாருங்கள். வெளித் தடத்தில் அம்மாமார் இருவர் மூவராகக் கைகளை வீசிப் பேசிக்கொண்டே நடப்பார்கள். உள் தடத்தில் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி பையன்கள் ஓடுவார்கள். தேசிய சேவை உடல்தகுதிச் சோதனைக்கு 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும். 400 மீட்டர் தடத்தில் சரியாக ஆறு சுற்று. நாலாவது சுற்றில் முகம் மாறும். ஆறாவது முடிந்ததும் முழங்காலில் கைவைத்துக் குனிந்து நிற்பார்கள். தாண்டிப் போகும் அம்மா ஒருவர் சீன மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார், பையனும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பான். ஆயுதப்படைக் கழகம் போய்விட்டது. ஆயுதப்படைக்குப் போகும் பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

‘கழகம்’ என்றால் சூதாட்டக் கூடம்!

விளையாட்டுக் கழகம், காற்பந்துக் கழகம், மக்கள் கழகம் என்று மதிப்போடு சொல்கிறோமே, திருவள்ளுவர் காலத்தில் அந்தச் சொல்லின் பொருளே வேறு. ‘சூது’ அதிகாரத்தில் 935, 937 ஆகிய குறள்களில் வரும் ‘கழகம்’ சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. சிங்கப்பூரில் பல விளையாட்டுக் கழகங்கள் ஜாக்பாட் இயந்திர வருமானத்தில் காலம் தள்ளியதை நினைத்தால், சொல் தன் பழைய பொருளை முழுக்க மறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பாடாங்கின் இரண்டு முனைகள்

சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இல் ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கியது. பாடாங் திடலின் ஒரு முனை அவர்களுடையது. 1883இல் யுரேசியர்கள் ரெக்ரியேஷன் கிளப்பைத் தொடங்கி எதிர் முனையில் அமர்ந்தார்கள். 1885இல் நீரிணைச் சீனர்கள் ஹாங் லிம் திடலில் தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். ஒரே வெயில், ஒரே புல். கூடாரம் மட்டும் இனத்துக்கு ஒன்று. அந்தப் பாடாங் 2022 தேசிய தினத்தன்று சிங்கப்பூரின் 75ஆவது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. திடல் ஒன்றுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை.

சென்னையிலும் இதே கதை

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கியது. அங்கே ஆடப் போன இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடிதான். அதைக் கண்டு பொறுக்காத புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்துப் பழக்கினார். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது அதனால்தான். அவர் பெயரில் சென்னையில் இன்றும் போட்டி நடக்கிறது.

கரும்புத் தோட்டத்தில் கிரிக்கெட்

சிங்கப்பூரில் நம்மவர்கள் எங்கே போனார்கள்? பாலஸ்டியருக்கு. ஜோசப் பாலஸ்டியர் சிங்கப்பூருக்கு வந்த முதல் அமெரிக்கத் துணைத்தூதர் (கான்சல்). 1830களில் இங்கே கரும்பு போட்டு நட்டப்பட்டவர். தோட்டம் போய்ப் பெயர் தங்கிவிட்டது. அந்தச் சமவெளியில் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும் தூரத்தில் மூன்று சங்கங்கள் வரிசையாக இடம்பிடித்தன: 1923இல் தோன்றிய இந்தியர் சங்கம், 1928இல் தோன்றிய சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், 1931இல் தோன்றிய சீக்கியர்களின் கால்சா சங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் வந்தவர்கள், அலுவலகம் விட்டதும் வெள்ளைக் கால்சட்டை மாட்டிக்கொண்டு மட்டையோடு இறங்கிய இடம் அது.

நேரு வைத்த கல்

இந்தியர் சங்கத்தின் பாலஸ்டியர் கட்டடத்துக்கு 1950 ஜூனில் அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு. ஒரு நாட்டின் பிரதமர் இன்னொரு நாட்டுக்கு வந்து, ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடும் சங்கத்துக்குக் கல் வைத்தார் என்றால், அது வெறும் விளையாட்டுச் சங்கமாக இருந்திருக்குமா? கல்யாணம், கூட்டம், பிரிவுபசாரம், வேலை தேடுகிறவருக்கு ஒரு சிபாரிசு எல்லாம் அங்கேதான்.

நான்கு ஆட்டம், ஒரே ஆள்

ஆறுமுகம் விஜயரத்தினம் இலங்கையில் பிறந்தவர், பொறியாளர். சிங்கப்பூரைக் காற்பந்து, கிரிக்கெட், ஹாக்கி, ரக்பி என்று நான்கு ஆட்டங்களில் பிரதிநிதித்தவர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் எட்டாவது இடம் பிடித்த சிங்கப்பூர் ஹாக்கிக் குழுவிலும் இருந்தார். இன்றைக்கு ஒரே ஆட்டத்துக்கு வாரம் ஆறு நாள் பயிற்சி போதவில்லை என்கிறோம்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குதிரை எங்கே?

தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிடப் போகும் சாலைக்கு ஏன் அந்தப் பெயர்? 1842இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில், இன்றைய ஃபேரர் பார்க் நிலத்தில், முதல் குதிரைப் பந்தயம். 90 ஆண்டுகள் குதிரைகள் அங்கே ஓடின. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. திடல் பொதுமக்களுக்கு வந்தது. நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயர் அதற்கு நிலைத்தது.

அதே புல்லில் கோல்ஃப், அதே புல்லில் விமானம்

1891இல் சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் தொடங்கியதும் ஆடியது இந்தப் பந்தயத் திடலில்தான். 1911 மார்ச் 16 அன்று பெல்ஜியக்காரர் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரில் முதன்முறையாக விமானம் ஏறிப் பறந்ததும் இங்கிருந்துதான். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானமும் இங்கே இறங்கியது. இடம் குறுகல், விமானம் சீக்கிரம் நிற்க வேண்டும் என்று, இறங்கும்போதே மெக்கானிக் ஒருவர் வால் பக்கமாக ஊர்ந்து போய்ப் பாரம் கொடுத்தாராம். சாங்கி விமான நிலையத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும்போது அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

சுவா சூ காங்கிலும் கோல்ஃப்

பிரிட்டிஷ் ராணுவத்தினர் டோவர் பக்கம் ஆடிய சிறு திடலில் வேர்விட்ட வாரன் கோல்ஃப் கிளப், 2001இல் சுவா சூ காங்குக்குக் குடிபெயர்ந்தது. ராணுவ முகாமில் பிறந்து சுவா சூ காங்கில் குடியேறுவது இங்கே கழகங்களுக்குப் பழக்கம்போலும்.

1942 பிப்ரவரி 17

ஃபேரர் பார்க்கில் மாபெரும் கூட்டம் கூடிய ஒரு நாள் எந்தப் போட்டிக்காகவும் இல்லை. சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்து இரண்டே நாளில், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இந்தத் திடலில் திரட்டப்பட்டார்கள். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்தது அந்தப் புல்லில்தான். அடுத்த ஆண்டு நேதாஜி வந்தபின் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படை அது.

10.38

சி. குணாளன் ஓட்டக்காரராகத் தொடங்கியவர் இல்லை, காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 1963இல் பயிற்றுநர் டான் எங் யூன் அவர் கால் வேகத்தைப் பார்த்து ஓட்டத்துக்கு இழுத்துக்கொண்டார். அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. பள்ளி ஆசிரியர் வேறு. ஐந்தே ஆண்டில், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், 100 மீட்டரை 10.38 வினாடியில் கடந்தார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் அசையவில்லை. 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடினார். 33 ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்த லாபம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு.

நூலிழையில் ஆசியத் தங்கம்

1966 பாங்காக் ஆசிய விளையாட்டு, 100 மீட்டர் இறுதி. குணாளனும் மலேசியாவின் மாணிக்கவாசகம் ஜெகதீசனும் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். படத்தைப் பார்த்துத்தான் ஜெகதீசனுக்குத் தங்கம் என்றார்கள், குணாளனுக்கு வெள்ளி. ஆசியாவின் மிக வேகமான இரண்டு ஜோடிக் கால்கள் அன்று தமிழர்களுடையவை. ஜெகதீசன் தொழிலில் மருத்துவர். மெக்சிகோவில் அவர் ஓடிய 200 மீட்டர் நேரம் மலேசியச் சாதனையாக 2017 வரை நின்றது.

பாறையும் ஒட்டகமும்

1977இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர்க் குழுவின் தலைவர் சமது அல்லாப்பிச்சை. தடுப்பாட்டத்தில் அசைக்க முடியாததால் ‘பாறை’ என்று பெயர். எஸ். ராஜகோபால் என்றால் ரசிகர்களுக்கு ‘கேமல்’. பந்தை வளைத்து அடிக்கும் ‘வாழைப்பழ உதை’ அவருடைய அடையாளம். அடுத்த தலைமுறையில் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வரை போனார். 1998இல் ஹனோயில் டைகர் கிண்ண இறுதியாட்டம்: வியட்நாமுக்கு எதிராக ஆர். சசிகுமாரின் தோளில் பட்டுப் பந்து உள்ளே போனது. 1-0. சிங்கப்பூருக்கு முதல் வட்டாரக் கிண்ணம். ஊர் அதைச் செல்லமாகத் ‘தோள் கோல்’ என்றே சொல்கிறது.

கையால் பேசியவர்

ஃபேரர் பார்க்கில் குத்துச்சண்டைக் கூடம் ஒன்று இருந்தது. அங்கே வியர்வை சிந்தியவர்களில் ஒருவர் சையத் அப்துல் காதர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் களம் கண்டு, 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் கொண்டுவந்தார்.

பெண்களின் ஓட்டம்

1983 தென்கிழக்காசிய விளையாட்டு சிங்கப்பூரில் நடந்தது. பெண்கள் மராத்தானில் தங்கம் வென்றவர் நம் கே. ஜெயமணி. நாற்பது ஆண்டு கழித்து, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வென்றார் வெரோனிக்கா சாந்தி பெரேரா. திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு ஆசியத் தங்கம் கிடைத்தது 1974க்குப் பிறகு அதுவே முதல் முறை.

சமூக மன்றம்: டிவியும் பிங்பாங்கும்

மக்கள் கழகம் தொடங்கியது 1960 ஜூலை 1. கம்போங் காலத்துச் சமூக நிலையம் என்றால் ஒரு கூடைப்பந்துத் திடல், ஒரு பிங்பாங் மேசை, 1963க்குப் பிறகு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கட்டணம் கட்டி உறுப்பினராகும் பெரிய கிளப்புகளின் வாசலை மிதிக்க வசதியில்லாதவர்களுக்கு அதுதான் கிளப். சுவா சூ காங் உட்பட ஒவ்வொரு வட்டாரத்திலும் இன்று சமூக மன்றம் இருக்கிறது. பூப்பந்துக்கு இடம் வேண்டுமென்றால் முன்பதிவில் மட்டும் கொஞ்சம் வேகம் வேண்டும், குணாளன் வேகம்!

ஞாயிற்றுக்கிழமை அணி

உறுப்பினர் அட்டை, கட்டடம், கிண்ண அலமாரி எதுவும் இல்லாத அணிகளும் இங்கே உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டை பிடிப்பதைத்தான் சொல்கிறேன். சுவா சூ காங்குக்குப் பக்கத்திலுள்ள கிராஞ்சி பொழுதுபோக்கு நிலையம் அவர்களுக்காக அமைந்தது. டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, ஆறு ஓவர் ஆட்டம், பந்து வேலிக்கு அப்பால் போனால் போட்டவனே எடுத்துவர வேண்டும் என்ற ஊர்ச் சட்டம். 1928இல் பாலஸ்டியரில் இறங்கியவர்களும் ஊரைவிட்டு வேலைக்கு வந்தவர்கள்தானே!

குதிரையின் கடைசி ஓட்டம்

தேக்காவிலிருந்து புக்கிட் தீமாவுக்குப் போன குதிரைப் பந்தயம், 1999இல் சுவா சூ காங்கை ஒட்டிய கிராஞ்சிக்கு வந்தது. 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 181 ஆண்டுக் கதை. அந்த நிலம் வீடுகளுக்கும் மற்றத் தேவைகளுக்கும் அரசிடம் திரும்புகிறது. இன்னும் சில ஆண்டில் அங்கே குடிவரும் பிள்ளைகள், தெருப்பெயரைப் பார்த்து ‘இங்கே குதிரை எங்கே?’ என்று கேட்கக்கூடும், தேக்காவில் நாம் கேட்டதைப் போலவே.

உங்கள் வீட்டு அலமாரியில்…

பெரிய கிளப்புகளின் வரலாற்றை எழுதப் புத்தகம் உண்டு, அரும்பொருளகம் உண்டு. ஆயுதப்படைக் குழுவுக்குத் தொண்டை கிழியக் கத்திய சுவா சூ காங் ரசிகருக்கும், ஃபேரர் பார்க்கில் ஞாயிறு தவறாமல் ஆடிய அப்பாவுக்கும், தோட்டக் குழுவுக்கு ஆடிய தாத்தாவுக்கும் அது கிடையாது. அவர்கள் வரலாறு ஒரு பழுப்பேறிய குழுப்படத்திலும் துருப்பிடித்த கிண்ணத்திலும்தான் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்துவருகிறது. கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் பிறகு போகலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்து, பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதிவிடுங்கள். பெயர் சொல்ல அவர் இருக்கும்போதே.